சொட்டுக் கணக்கும் படிக் கணக்கும்: அரசியல் சலிப்பைச் சொல்லும் வடசென்னைச் சொற்கள்

அரசியல்வாதிகள் மீது மக்களுக்கு உள்ள சலிப்பை நறுக்கென்று சொல்லும் சொலவடைகள் எவை, அவற்றில் வடசென்னைக்கு உரியவை என்னென்ன, அவற்றைச் சொல்லிச் சிரிப்பதால் ஏதேனும் பயன் உண்டா என்று தண்டையார்பேட்டையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் பட்டிமன்றத்துக்காகக் கேட்டிருக்கிறார். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து, அதன் அருகிலேயே 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தச் சொற்களை வகுப்பறையில் கற்றதைவிடக் குழாயடியிலும் டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் கேட்டதே அதிகம். ஆகவே கேட்டவற்றிலிருந்தே விடை சொல்கிறேன்.

முதலில் அந்தச் சலிப்புக்கே எங்கள் பகுதியில் ஒரு தனிச் சொல் உண்டு: பேஜார். பாரசீக மொழியில் வெறுத்துப்போன, அலுத்துப்போன என்று பொருள்படும் சொல் உருது வழியாகச் சென்னைக்கு வந்து, மீனவர் வாயிலும் கைரிக்‌ஷாக்காரர் வாயிலும் புழங்கித் தமிழாகிவிட்டது. "பேஜாரா கீது" என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் கோபம் வந்து தணிந்து, மறுபடி வந்து, இனிக் கோபப்படவும் தெம்பில்லை என்று பொருள். அந்த நிலையில் இருப்பவர் நீளமாகப் பேசமாட்டார். ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் தாங்கள் கேட்கிறீர்கள்.

இன்று மிகுதியாக வழங்குவது "வாயாலேயே வடை சுடுகிறார்" என்பது. இதன் அழகு புரிய வேண்டுமானால் மாலை நான்கு மணிக்கு எங்கள் தெரு முனையில் உள்ள டீக்கடை முன்னால் நிற்க வேண்டும். உளுந்தை மதியமே ஊறவைத்து, ஆட்டி, உப்பும் மிளகும் வெங்காயமும் சேர்த்து, எண்ணெய் காயும் பதம் பார்த்து, நனைத்த விரல்களால் நடுவில் ஓட்டை போட்டு ஒவ்வொன்றாக வாணலியில் நழுவவிடுகிறார் வடை மாஸ்டர். ஒரு தேர்தல் நேரத்தில் அவர் அப்படிச் சுட்டுக்கொண்டிருந்தபோது, குடிநீர், வேலை, அடுக்குமாடி வீடு எல்லாம் தருவதாக ஒலிபெருக்கியில் முழங்கியபடி பிரசார வண்டி ஒன்று கடந்து போனது. மாஸ்டர் ஜல்லிக் கரண்டியை வாணலி விளிம்பில் தட்டி எண்ணெயை வடியவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கினியா சார்? நான் மத்தியானத்துலேர்ந்து அடுப்பாண்ட வேவுறேன். அவரு மைக்லயே ரெண்டு ஈடு எடுத்துட்டாரு." பொது வழக்கில் உள்ள ஒரு சொலவடையை அவர் தம் தொழிலின் சொல்லான "ஈடு" என்பதால் அளந்து காட்டியதைக் கவனியுங்கள். உளுந்து எங்கே, எண்ணெய் எங்கே, அடுப்பு எங்கே என்று வாக்குறுதியின் ஒவ்வொரு பொருளுக்கும் அதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது.

இதற்கு உறவான இன்னொன்று "காது குத்துவது". தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வாயில் சர்க்கரையைப் போட்டு, வேடிக்கை காட்டிக் குழந்தையின் கவனம் திரும்பும் நொடியில் ஊசியை இறக்குவதை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம். இனிப்பும் வலியும் ஒரே நேரத்தில், ஒரே கையிலிருந்து வருகின்றன என்பதுதான் இந்தச் சொல்லின் உட்பொருள். "எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு" என்று வாக்காளர் சொல்லும்போது தாம் குழந்தை இல்லை என்பதைத்தான் சொல்கிறார். அல்வா கொடுப்பது, நாமம் போடுவது, டபாய்ப்பது, ஜகா வாங்குவது ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை விளக்கத் தேவையில்லை, தங்களுக்கே தெரியும்.

பழமொழிகளுக்கு வருவோம். அரசியலைச் சாடத் தமிழர் எடுத்தாளும் பழமொழிகளில் பெரும்பாலானவை சமையற்கட்டிலிருந்து வந்தவை. "ஊரை அடித்து உலையில் போடுகிறான்" என்பதைப் பாருங்கள். உலை என்பது ஒரு வீட்டு அடுப்பில் அரிசிக்காகக் கொதிக்கும் நீர். ஊர் முழுவதையும் கொள்ளையடித்து ஒரு வீட்டுப் பானையில் போடுவதாகச் சொல்லும்போது, போன பொருளும் சேர்ந்த இடமும் அதைத் தின்ற குடும்பமும் நான்கு சொற்களில் அடங்கிவிடுகின்றன. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பதும், "யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்பதும் அப்படியே. ஆளுவோரைப் பற்றிய பேச்சு ஏன் அடுப்படியில் பிறக்கிறது என்பதற்கு வடசென்னையிலேயே சான்று உண்டு. 1782-இல், ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் வாட்டிய காலத்தில், பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி. எங்கள் பாட்டிமார் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றே சொல்வார்கள். அரசாங்கம் என்றால் பானையில் என்ன விழுகிறது என்பதே அவர்களுக்கு முதல் கேள்வி.

இந்த வரிசையில் எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். "தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" என்பதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அது கண்டனம் போல ஒலித்தாலும் உண்மையில் மன்னிப்புச் சீட்டுதான். மரம் ஏறி, தேனீக் கொட்டு வாங்கி, தன் உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுத்தவனுக்கு அந்தச் சலுகை பொருந்தலாம். ஊரார் சேர்த்து வைத்த தேனைப் பங்கிட்டுத் தரக் கரண்டி பிடித்தவனுக்கு அது எப்படிப் பொருந்தும்? அதுபோலவே "ஆத்துல போற தண்ணி, அய்யா குடி அம்மா குடி" என்ற பழமொழியை ரேஷன் அரிசி வாங்குபவர்கள் மீது ஏவுவதும் தவறு. 2011 ஜூன் மாதம் தொடங்கி மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி வந்த பிறகு எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் இரவு அடுப்பு எரிந்தது என்பதை நான் அறிவேன். பொதுப் பணத்தைத் தன் பெயர் பொறித்து வழங்குபவரைக் கேட்க வேண்டிய கேள்வியை, பை நீட்டி நிற்பவரிடம் கேட்கக் கூடாது.

பழந்தமிழில் இத்தகைய சொல் உண்டா என்றால், கொடுங்கோன்மையைப் பற்றிய 552-ஆம் குறளைவிடக் கூர்மையான ஒன்றை நான் கண்டதில்லை. "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." வழிப்பறிக்காரன் வேலுடன் நிற்கிறான், அரசன் செங்கோலுடன் நிற்கிறான். இருவருக்கும் இடையே ஓர் எழுத்துதான் மாறுகிறது. ஒருவன் "கொடு" என்று மிரட்டுகிறான், மற்றவன் பணிவாகக் கேட்கிறான், ஆனால் கேட்கப்படுபவனுக்கு இரண்டும் ஒன்றே என்கிறது குறள். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரின் கூப்பிய கையைப் பற்றி எங்கள் ஊர் ஆயாக்கள் பேசுவதும் ஏறக்குறைய இதுதான். ஒருமுறை எங்கள் தெருவில் வேட்பாளர் ஒருவர் வெள்ளையும் சொள்ளையுமாக வந்து, வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த முதியவர் காலில் படமெடுப்பவர்கள் முன்னிலையில் விழுந்தார். அந்த ஆயா நாரைக் கீழே வைக்காமலே சொன்னார்: "எய்ந்திரு நைனா. இன்னிக்கி நீ எங்கால்ல உய்ந்துட்டு பூட்வே. நாளிக்கு நான் உன் ஊட்டு கேட்டாண்ட எத்தினி நாளு நிக்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போ." அவர் திட்டவில்லை, சபிக்கவில்லை. எத்தனை நாள் என்று ஓர் எண்ணைக் கேட்டார். அதற்கு அன்று பதில் இல்லை.

அந்த எண்ணைத்தான் நான் இந்தச் சொற்களில் எல்லாம் தேடுகிறேன். சலிப்பைச் சொல்லும் சொற்கள் பல இருந்தாலும், யாரிடம், எதைப் பற்றி, எவ்வளவு என்று கேட்கும் சொல்லுக்கும், பொதுவாகப் பெருமூச்சு விடும் சொல்லுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னதற்கு நம் அரசியல் வரலாற்றிலேயே சிறந்த எடுத்துக்காட்டு 1967-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒலித்த முழக்கம்: "பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சி?" அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் மக்களை வாட்டிய நேரம் அது. இந்த முழக்கத்தில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. முதலமைச்சரை "அண்ணாச்சி" என்று மரியாதையாகவே விளிக்கிறது. ஆனால் ஆளின் பெயர் இருக்கிறது, பொருளின் பெயர் இருக்கிறது, கேள்வி இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகூட மறக்க முடியாத எதுகையும் இருக்கிறது. காங்கிரஸ் ஆட்சி போனது, பக்தவத்சலமும் தோற்றார். எதிரணியில் இருந்த தி.மு.க. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது. அந்த "நிச்சயம்" என்ற சொல் வென்றவர்களுக்கும் அளவுகோலாக நின்றது. சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்ட ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுசெல்ல இயலாமல் போனதை, படி என்ற அந்த ஒரே சொல்லை வைத்தே எவரும் கேட்க முடிந்தது. அளவு சொல்லிக் கொடுத்த வாக்குறுதியை அளந்து பார்க்கலாம். "வளமான எதிர்காலம்" என்பதை எந்தப் படியால் அளப்பது?

பெருமூச்சு வகைக்கு "ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன" என்பது தலைமை. "எல்லாம் ஒரே குட்டையில் ஊறின மட்டை" என்பது அடுத்தது. கயிறு திரிப்பதற்காகத் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால் எல்லா மட்டையும் ஒரே நாற்றம் நாறும் என்பது உண்மைதான். ஆனால் இதைச் சொல்பவர் எந்த மட்டையையும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாநில அளவில் 70 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவு, சென்னை மாவட்டத்தில் 60 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. வாக்குச்சாவடிக்கு வராதவர் ஒவ்வொருவரும் இந்த இரண்டு பழமொழிகளில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் "யார் வந்தாலும் ஒன்றுதான்" என்று மக்கள் நம்பினால் கரைவேட்டிக்காரர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

யாரும் வராமலே இருந்தால் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். சென்னை மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல் 200 வார்டுகளில் ஒன்றுக்கும் கவுன்சிலர் இல்லை, அதிகாரிகளே நிர்வகித்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால், அடிபம்பில் சாக்கடை நாற்றம் அடித்தால், பெயர் தெரிந்த ஒருவரைப் பிடித்து நிறுத்திக் கேட்க வழியில்லாமல் போனது. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்" என்று அதுவரை கவுன்சிலர்களைத் திட்டி வந்த எங்கள் பக்கத்து வீட்டு மீன்பாடி வண்டிக்காரர், அந்த ஆண்டுகளில் பழமொழியையே திருப்பிவிட்டார்: "மின்ன பூசாரி வரம் குடுக்கலன்னு திட்டிக்கினு இருந்தோம். இப்ப பூசாரியே இல்ல சார், நம்மளே மணிய ஆட்டிக்கினு கீறோம்." சலிப்பிலிருந்து பிறந்தாலும் இந்தச் சொல் ராமனையும் ராவணனையும் ஒன்றாக்கவில்லை. என்ன குறைகிறது என்பதைத் துல்லியமாகச் சொன்னது.

பணத்துக்கு ஓட்டு என்ற பேச்சு வந்தால் ஆர்.கே. நகரின் பெயரைச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. 2015-இல் இடைத்தேர்தல், 2016-இல் பொதுத்தேர்தல், 2017-இல் மீண்டும் இடைத்தேர்தல் என்று குறுகிய காலத்தில் தேர்தல்களைச் சந்தித்த தொகுதி அது. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த வாக்குப்பதிவைப் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. டிசம்பர் 21 அன்று அது மறுபடி நடந்தது. மதுரைப் பக்கத்தில் 2009 இடைத்தேர்தலுக்குப் பின் "திருமங்கலம் ஃபார்முலா" என்ற தொடர் பிறந்தது போல, இங்கும் டோக்கன், ஒரு வேட்பாளரின் சின்னமான குக்கர், பிறகு பணம் தருவதற்கு அடையாளமாகக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட இருபது ரூபாய் நோட்டு என்று சொற்கள் கிளம்பின. இவற்றில் ஒரு வேதனை எனக்கு உண்டு. கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெளியூர்க்காரர்கள் சொல்லும் கேலியில் கொடுத்தவர்கள் மறைந்துபோய், வாங்கியவர்கள் மட்டுமே மிஞ்சுகிறார்கள். "துட்டு வாங்கினவன் கேள்வி கேட்கக் கூடாது" என்ற வாசகம் எங்கள் பகுதிப் பெண்களின் வாயை எத்தனை முறை அடைத்திருக்கிறது என்பதை நேரில் கண்டவன் நான். ஒரு நோட்டை வாங்கியதால் குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசும் உரிமை போய்விடாது. பட்டிமன்றத்தில் இந்த வாசகத்தைத் தாங்கள் சொல்லாமல் இருந்தால் மகிழ்வேன்.

அதே டிசம்பர் தேர்தலில் இன்னொரு சொல்லும் நிலைபெற்றது. யாருக்கும் வாக்களிக்க விரும்பாதவர்கள் முன்பு 49-ஓ விதியின்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். அதில் ரகசியம் இல்லை. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் அளித்த தீர்ப்புக்குப் பின் இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் வந்தது. ஆர்.கே. நகரில் நோட்டாவுக்கு விழுந்த 2,373 வாக்குகள், தேசியக் கட்சி ஒன்றின் வேட்பாளர் பெற்றதைவிட அதிகம். "நோட்டாவோடு போட்டி போடுகிற கட்சி" என்பது அதற்குப் பின் எந்தக் கட்சியையும் இடித்துரைக்கப் பயன்படும் தொடராகிவிட்டது.

எடுத்தாளும்போது ஒன்றிரண்டு எச்சரிக்கைகள். "பழைய குருடி கதவைத் திறடி" போல உடற்குறையையோ, கைம்பெண்ணையோ, சாதியையோ இழிவுபடுத்தும் பழமொழிகள் அரசியல் மேடையில் தாராளமாகப் புழங்குகின்றன. அடி விழுவது அரசியல்வாதி மேல் இல்லை, அவையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் மேல்தான். மற்றொன்று, வடசென்னைப் பேச்சைக் கோமாளிக் குரலில் சொல்லிச் சிரிக்கவைக்காதீர்கள். வடை மாஸ்டர் சொன்னதையும் ஆயா சொன்னதையும் அவர்கள் சொன்ன நிதானத்திலேயே சொல்லுங்கள். பொருள் தானே போய்ச் சேரும்.

பயன் உண்டா என்ற கடைசிக் கேள்விக்கு, எண்ணூர் வட்டாரத்திலிருந்தும் எங்கள் தெருவிலிருந்தும் ஒவ்வொன்று சொல்கிறேன். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கொட்டியபோது, எர்ணாவூர்க் கரையில் அதை வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் வந்து, காட்டுக்குப்பம் உள்ளிட்ட மீனவர் குப்பங்களில் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. அப்போதும் மீனவர்கள் படகில் சென்று கையால் அள்ளிப் பீப்பாய்களை நிரப்பினார்கள். "வாளி" என்ற சொல்லே அந்தக் கரையில் ஒரு குற்றச்சாட்டாகிவிட்டது. ஏறக்குறைய ஏழு ஆண்டுகளில் வாளியைத் தவிர வேறு என்ன வாங்கினீர்கள் என்று கேட்க அந்த ஒரு சொல் போதும்.

அதே புயல் மழையில் எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மழைநீர் வடிகால் வேலை முடிந்துவிட்டது, இந்த ஆண்டு தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்காது என்று மழைக்காலத்துக்கு முன் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள், கட்டில் மேல் கட்டில் போட்டு அதன் மேல் அரிசிப் பையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் ஏற்றிவைத்திருந்த எதிர்வீட்டு அம்மா, நிலவரம் விசாரிக்க வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க சொன்ன மாரியே ஆச்சி சார். தெருவுல ஒரு சொட்டு நிக்கல. அத்தினியும் ஊட்டுக்குள்ள வந்துட்சி." வந்தவர்களில் ஒருவர் சிரித்தும்விட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர்கள் தந்த "ஒரு சொட்டு" என்ற அளவையே அவர் திருப்பி அவர்கள் கையில் வைத்தார்.

தண்ணீர் வடிந்த பிறகு தெருப் பெண்கள் மனு எழுதித் தரும்படி என்னிடம் வந்தார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்கண்ட முகவரியில் வசிக்கும் நாங்கள்" என்று வழக்கம்போலத் தொடங்கினேன். அந்த அம்மா குறுக்கிட்டு, தாம் சொன்னதையே முதல் வரியாக எழுதச் சொன்னார். பேச்சு வழக்கிலேயே எழுதினேன். அதன் கீழே எந்த வீட்டில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எத்தனை நாள் நின்றது என்பதை வீட்டு எண் வாரியாகக் குறித்து, எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். ஒப்புகை முத்திரை வைத்த நகல் என்னிடம் இருக்கிறது. பட்டிமன்றத்தில் படித்துக்காட்ட வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.